மருந்து ஒத்துக்காத உடம்பு: மரபணு என்ன சொல்கிறது?

எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் கேஸ் ஷீட் எழுதும்போது ஒரு கேள்வி வரும். "இதுக்கு முன்னாடி ஏதாவது மருந்து ஒத்துக்காம போயிருக்கா?" பெரும்பாலும் நாம் யோசிக்காமலே "அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க" என்று சொல்லிவிடுவோம். நர்ஸும் அந்தக் கட்டத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்.

இந்தக் கேள்வி எவ்வளவு முக்கியமானது என்பது கொஞ்ச நாளாக இதைப் பற்றிப் படித்தபிறகுதான் எனக்கு உறைத்தது. நம்ம வீடுகளில் "உடம்புவாகு" என்று ஒரு சொல் உண்டு. ஒரே மாத்திரை அண்ணனுக்கு ஒன்றும் செய்யாது, தம்பிக்குத் தலைசுற்றும். "அவன் உடம்புவாகு அப்படி" என்று பாட்டி ஒரு வரியில் முடித்துவிடுவார். அந்தச் சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்று அறிவியல் தேட ஆரம்பித்து ஏறக்குறைய எழுபது வருடம்தான் ஆகிறது. அந்தத் தேடலில் மெட்ராஸுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. அங்கிருந்தே தொடங்கலாம்.

மூன்று மருந்துகள், ஒரு புதிய துறை

1950களில் மூன்று மருந்துகள் டாக்டர்களைக் குழப்பின. ஒன்று, மலேரியாவுக்கான பிரைமாகுயின். கொரியப் போரிலிருந்து திரும்பிய அமெரிக்க வீரர்களுக்கு இதைக் கொடுத்தபோது, கறுப்பின வீரர்கள் சிலருக்கு மட்டும் ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து ரத்தசோகை வந்தது. அவர்களுடைய சிவப்பணுக்களில் ஜி6பிடி என்கிற நொதி குறைவாக இருப்பது 1956இல் தெரியவந்தது. இரண்டாவது, மயக்கவியலில் பயன்படும் சக்சினில்கோலின். மூன்றாவது, காசநோய்க்கான ஐசோநயாசிட்.

மூன்றிலும் கதை ஒன்றுதான். மருந்து சரியானது, அளவும் சரியானது, ஆனாலும் சிலர் உடம்பு மட்டும் வேறு மாதிரி நடந்துகொண்டது. அது குடும்பத்தில் வழிவழியாக வருகிறது என்பதும் தெரிந்தது. 1959இல் ஜெர்மானிய மரபியலாளர் ஃப்ரீட்ரிக் ஃபோகல் இதற்கு ஒரு பெயர் வைத்தார். தமிழில் 'மருந்து மரபியல்' என்று சொல்லலாம்.

மெட்ராஸில் நடந்த ஆராய்ச்சி

ஐசோநயாசிட் 1912லேயே பிராக் நகரத்தில் தயாரிக்கப்பட்ட வேதிப்பொருள். அது காசநோய்க் கிருமியைக் கொல்லும் என்பது 1952இல்தான் தெரிந்தது. விலை குறைவு, மாத்திரையாக விழுங்கலாம், நன்றாக வேலை செய்தது.

ஆனால் சிலருக்குக் கை கால் மரமரத்தது. பாதம் எரிந்தது. மற்ற சிலருக்கு அதே மாத்திரையை மாதக்கணக்கில் சாப்பிட்டும் ஒன்றும் ஆகவில்லை. ஏன்?

இதைப் புரிந்துகொள்ள ஒரு தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே குழாயிலிருந்து தண்ணீர் விழுகிறது. அடியில் ஒரு துளை வழியாக வெளியே போகிறது. நீங்கள் விழுங்கும் மாத்திரைதான் குழாய். மருந்தை மாற்றி வெளியே அனுப்பும் நொதிதான் துளை. துளை பெரிதாக இருந்தால் தண்ணீர் சீக்கிரம் வடியும். சின்னதாக இருந்தால் மட்டம் ஏறிக்கொண்டே போகும். குழாயை எல்லாருக்கும் ஒரே அளவுதான் திறக்கிறோம். துளையின் அளவு ஆளுக்கு ஆள் வேறு.

ஐசோநயாசிட்டுக்கு அந்தத் துளையின் பெயர் என்ஏடி2. கல்லீரலில் இருக்கும் நொதி இது. மருந்தோடு 'அசிட்டைல்' என்ற சின்னத் துண்டை ஒட்டி அதைச் செயலிழக்கச் செய்யும். இந்த நொதிக்கான மரபணுவில் அப்பாவிடமிருந்து ஒரு பிரதி, அம்மாவிடமிருந்து ஒரு பிரதி நமக்கு வரும். இரண்டுமே மெதுவான வகையாக அமைந்துவிட்டால் அவர் 'மெதுவாக வடிப்பவர்'. இது மரபுவழியில் வருவதுதான் என்று பிரைஸ் எவன்ஸும் அவருடைய குழுவினரும் 1960இல் குடும்பங்களை ஆராய்ந்து காட்டினார்கள்.

மெட்ராஸில் 1956இல் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இன்று சேத்துப்பட்டில் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருப்பது அதுதான். சானடோரியத்தில் படுக்க வைக்காமல் வீட்டிலேயே மாத்திரை கொடுத்துக் காசநோயைக் குணப்படுத்தலாம் என்று உலகத்துக்குக் காட்டிய இடம் என்றுதான் பலருக்கும் அதைத் தெரியும். அதே மையம், நோயாளிகளை மெதுவாக வடிப்பவர், வேகமாக வடிப்பவர் என்று பிரித்தும் பல ஆய்வுகள் செய்தது. அவற்றிலிருந்து எனக்குப் பிடித்த இரண்டு விஷயங்கள்.

முதலாவது, மரமரப்பு. ஐசோநயாசிட் உடம்பிலுள்ள பி6 வைட்டமினை, அதாவது பைரிடாக்சினை, வீணாக்குகிறது. மெதுவாக வடிப்பவருக்கு மருந்து உடம்பில் அதிக நேரம் தங்குவதால் இந்தப் பாதிப்பும் அதிகம். ஏற்கெனவே சத்துக்குறைவான ஏழை நோயாளி என்றால் சொல்லவே வேண்டாம். தினமும் கொஞ்சமே கொஞ்சம் பைரிடாக்சின் சேர்த்துக் கொடுத்தால் இதைத் தடுக்கலாம் என்று மெட்ராஸ் ஆய்வு 1963இல் காட்டியது. காசநோய் மருந்தோடு ஒரு வைட்டமின் மாத்திரையும் கொடுக்கிறார்களே, காரணம் இதுதான். மரபணு டெஸ்ட் எதுவும் இல்லாமல், மலிவான ஒரு மாத்திரையில் பிரச்சினை முடிந்தது.

இரண்டாவது, இதன் மறுபக்கம். வாரத்துக்கு ஒரே ஒருநாள் மருந்து கொடுத்தால் போதுமா என்று பார்த்தபோது, வேகமாக வடிப்பவர்களுக்குச் சிகிச்சை பலன் குறைவாக இருந்தது. அடுத்த வேளைக்கு முன்பே அவர்கள் தொட்டி காலி. அதாவது மெதுவாக வடிப்பது 'கெட்ட' மரபணு, வேகமாக வடிப்பது 'நல்ல' மரபணு என்று எதுவும் கிடையாது. எந்த மருந்து, எந்த அளவு, எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பதைப் பொறுத்து ஒன்றே லாபமாகவும் நஷ்டமாகவும் மாறும்.

தென்னிந்தியர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் மெதுவாக வடிப்பவர்கள். ஜப்பானில் பத்தில் ஒருவர் அளவுக்குத்தான். ஆக, நம்ம ஊரில் 'சராசரி' உடம்பு எது என்பதே அவர்கள் ஊர்ச் சராசரியிலிருந்து வேறு.

மயக்க மருந்து தெளியாத கதை

இப்போது சக்சினில்கோலினுக்கு வருவோம். ஆபரேஷனுக்கு முன்பு தொண்டை வழியாக மூச்சுக்குழாயில் ட்யூப் போட வேண்டியிருக்கும். அதற்குத் தசைகள் முழுக்கத் தளர வேண்டும். 1951 முதல் அதற்குப் பயன்படுவது இந்த ஊசி. ஒரு நிமிஷத்துக்குள் வேலை செய்யும், சில நிமிஷத்தில் தானாகத் தெளியும். அவசர நேரத்தில் தோதான மருந்து என்பதால் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

அது ஏன் சீக்கிரம் தெளிகிறது? ரத்தத்தில் ஓடும் பியூட்டிரில்கோலினெஸ்டரேஸ் என்ற நொதி அதை உடனே உடைத்துப் போடுவதால்தான். அந்த நொதி சரியாக இல்லாதவருக்கு என்ன ஆகும்? தசைகள் தளர்ந்தபடியே கிடக்கும். மூச்சு விடுவதும் தசைவேலைதான், அதுவும் நின்றுவிடும். சில நிமிஷத்தில் முடிய வேண்டியது மணிக்கணக்கில் நீளும். 1950களில் டொராண்டோவில் வெர்னர் காலோ இதை விரிவாக ஆராய்ந்தார். சிலருக்கு இந்த நொதியின் அமைப்பே வேறாக இருப்பதைக் கண்டுபிடித்தவர் அவர்.

இதில் நம்ம பக்கத்துச் செய்தி ஒன்று உண்டு. இந்த நொதி அறவே வேலை செய்யாத நிலை ஐரோப்பியர்களில் லட்சத்தில் ஒருவர் என்ற அளவில் மிக மிக அரிது. ஆனால் ஆந்திரம், தெலங்கானா, தமிழகம் என்று பரவி வாழும் ஆரிய வைசிய சமூகத்தில் அது பல ஆயிரம் மடங்கு அதிகம். கோயம்புத்தூரில் நடந்த ஆய்வுகள் அதற்குக் காரணமான மரபணு மாற்றத்தையும் காட்டின. நொதியின் ஒரே ஒரு இடத்தில் லியூசின் இருக்க வேண்டியதற்குப் பதிலாகப் புரோலின் உட்கார்ந்திருக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

ஏன் ஒரு சமூகத்தில் மட்டும்? பல நூறு வருடங்களுக்கு முன் ஒரு சிறிய கூட்டத்திலிருந்து பெருகி, தங்களுக்குள்ளேயே திருமணம் செய்துகொண்டு வந்த குழுக்களில் இப்படி நடக்கும். ஆரம்பத்தில் இருந்த சிலரில் ஒருவரிடம் ஒரு மரபணு மாற்றம் இருந்தால், தலைமுறைகள் கழித்து அது அந்தக் குழுவில் சாதாரணமாகிவிடும். ஹைதராபாத் ஆய்வாளர்களும் ஹார்வர்டு ஆய்வாளர்களும் சேர்ந்து 2017இல் வெளியிட்ட ஆராய்ச்சி, தெற்காசியாவில் இப்படிப்பட்ட வரலாறு கொண்ட குழுக்கள் ஏராளம் என்று காட்டியது. எனவே இதை ஒரு சாதியின் குறையாக யாரும் பேச வேண்டாம். அகமண வழக்கம் உள்ள ஒவ்வொரு குழுவுக்கும் இப்படி ஏதாவது ஒன்று இருக்க வாய்ப்பு உண்டு. இங்கே கண்டுபிடித்துவிட்டார்கள், மற்ற இடங்களில் இன்னும் தேடவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். இந்த நொதி இல்லாதவர்கள் நோயாளிகள் கிடையாது. நம்மைப் போலவே உண்டு, உழைத்து, ஆரோக்கியமாக இருப்பார்கள். அந்த ஒரு ஊசியும் அதன் சாயலில் உள்ள ஒன்றிரண்டும் உடம்பில் ஏறாதவரை அது வெளியே தெரியவே தெரியாது. தெரியவந்தாலும் பயப்பட ஒன்றுமில்லை. மருந்து தானாக விலகும்வரை மயக்கத்தில் வைத்து, வென்டிலேட்டரில் மூச்சு கொடுத்தால் முழுசாகத் தெளிந்துவிடுவார்கள். முன்கூட்டியே தெரிந்தால் வேறு ஊசி இருக்கிறது. தென்னிந்திய மயக்கவியல் டாக்டர்கள் பலருக்கும் இந்தச் சங்கதி தெரியும். அவர்கள் விசாரிக்கும்போது தயங்காமல் பதில் சொல்ல வேண்டியதுதான் நம் வேலை.

இது இரண்டு பிரதியும் மாறினால் மட்டுமே முழுதாக வெளிப்படும் வகை. பெற்றோர் இருவரும் ஆளுக்கொரு மாறிய பிரதியை வைத்திருந்து, ஒரு பிள்ளைக்கு இது இருந்தால், கூடப் பிறந்த ஒவ்வொருவருக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. ஒரு வீட்டில் அக்காவுக்கு ஆபரேஷனில் "தெளிய லேட்டாச்சு" என்றால் அது தம்பிக்கும் சொல்லப்பட வேண்டிய தகவல்.

தோல் உரியும் ஆபத்து

இதுவரை பார்த்த இரண்டும் துளையின் அளவு பற்றியவை. மூன்றாவது கதை வேறு மாதிரி. இதில் மருந்தின் அளவு பெரிய விஷயம் இல்லை, நோய் எதிர்ப்புச் சக்தி ஆளை மாற்றிப் பார்த்துவிடுகிறது.

கார்பமாசெபைன் என்பது வலிப்புக்கும், முகத்தில் மின்னல் வெட்டுவதுபோல் வரும் நரம்பு வலிக்கும் கொடுக்கப்படும் பழைய, மலிவான, நல்ல மருந்து. கோடிக்கணக்கானவர்கள் சாப்பிட்டிருக்கிறார்கள். மிகச் சிலருக்கு மட்டும், மாத்திரை ஆரம்பித்த முதல் சில வாரங்களில் காய்ச்சல் வரும், வாயும் கண்ணும் புண்ணாகும், பிறகு தீக்காயம் பட்டதுபோல் தோல் உரியும். ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோய் என்று பெயர். தோல் பெருமளவு உரியும் தீவிர நிலைக்குப் போனால் பத்தில் மூன்று பேர் அளவுக்கு இறந்துவிடுகிறார்கள். பிழைத்தவர்களிலும் சிலருக்குப் பார்வை போய்விடும்.

2004இல் தைவான் ஆய்வாளர்கள் ஒரு முடிவை வெளியிட்டார்கள். இந்த மருந்தால் அப்படிப் பாதிக்கப்பட்ட 44 பேரைப் பரிசோதித்தார்கள். 44 பேரிடமும் எச்எல்ஏ-பி 15:02 என்ற மரபணு வகை இருந்தது. அதே மருந்தைச் சாப்பிட்டும் ஒன்றும் ஆகாத 101 பேரில் மூன்று பேரிடம்தான் அது இருந்தது. மருத்துவத்தில் இவ்வளவு தெளிவான எண்கள் கிடைப்பது ரொம்ப அபூர்வம்.

எச்எல்ஏ என்பது என்ன? நம் செல்கள் தங்களுக்குள் இருக்கும் புரதத் துணுக்குகளை வெளியே எடுத்துக் காட்டும் தட்டு என்று வைத்துக்கொள்ளலாம். காவலுக்குச் சுற்றும் டி-செல்கள் ஒவ்வொரு தட்டையும் எட்டிப் பார்க்கும். நம்முடையது என்றால் போய்விடும். வேற்றாள் என்றால் தாக்கும். தட்டின் வடிவம் ஆளுக்கு ஆள் வேறு. 15:02 வடிவத் தட்டில் கார்பமாசெபைன் போய் ஒட்டிக்கொள்ள இடம் கிடைத்துவிடுகிறது. தட்டில் இருப்பது புதுசாகத் தெரிவதால் டி-செல்கள் சொந்தத் தோலையே எதிரி என்று எடுத்துக்கொள்கின்றன.

அடுத்த கட்டமாக, மருந்து கொடுப்பதற்கு முன்பே டெஸ்ட் எடுத்தால் என்ன ஆகும் என்று தைவானிலேயே பார்த்தார்கள். 2011இல் வெளியான அந்த ஆய்வில் 4877 பேர். 7.7 சதவீதம் பேரிடம் அந்த மரபணு வகை இருந்தது. அவர்களுக்கு வேறு மருந்து கொடுத்தார்கள். பழைய கணக்குப்படி பத்துப் பேருக்காவது தோல் உரிந்திருக்க வேண்டும். ஒருவருக்குக்கூட வரவில்லை. 2013 முதல் சிங்கப்பூர், ஆசிய வம்சாவளியினருக்குப் புதிதாக இந்த மருந்தைத் தொடங்கும் முன் இந்த டெஸ்டை எடுக்கச் சொல்கிறது. அங்குள்ள தமிழர்களும் அதில் அடக்கம்.

கொஞ்சம் கணக்கு

சந்தோஷமான முடிவுதான். ஆனாலும் அந்த எண்களை இன்னொரு தடவை பாருங்கள். தைவானில் ஆயிரம் பேருக்குக் கார்பமாசெபைன் கொடுத்தால் பழைய கணக்குப்படி இரண்டு, மூன்று பேருக்குத் தோல் உரியும். ஆனால் டெஸ்ட் 77 பேரை "வேண்டாம்" என்று ஒதுக்கிவிடும். அந்த 77 பேரில் எழுபத்து நான்கு, எழுபத்தைந்து பேர் மருந்தைச் சாப்பிட்டிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது!

அதாவது இந்த மரபணு இருந்தால் நோய் வரும் என்று அர்த்தமில்லை. இல்லையென்றால் தைவான் போன்ற இடங்களில் கிட்டத்தட்ட வராது என்பதுதான் இதன் பலம். மாற்று மருந்து கையில் இருக்கிறது, ஆபத்தோ உயிர் போகிற ஆபத்து. அதனால் எழுபத்தைந்து பேரை வீணாக மருந்து மாற்றச் செய்வதும் தகும் என்று முடிவெடுத்தார்கள். மாற்று மருந்து இல்லாத நோய்க்கோ, வெறும் அரிப்பு மட்டும் வரும் மருந்துக்கோ இதே கணக்குச் சரிப்படாது.

இன்னொரு சிக்கல், 'ஆசியர்' என்ற சொல். 15:02 வகை தென்கிழக்கு ஆசியாவிலும் தென்சீனாவிலும் அதிகம். ஜப்பானிலும் கொரியாவிலும் மிகக் குறைவு. இந்தியாவில் இரண்டுக்கும் நடுவே, அதுவும் சமூகத்துக்குச் சமூகம் மாறும். மருந்து அட்டையில் 'ஆசியர்' என்று ஒரே வார்த்தையில் அடக்குவது ஒரு தொடக்கம்தான்.

அடுத்தவருக்குத் தைத்த சட்டை

என்னை ரொம்ப யோசிக்க வைத்தது அசாதியோபிரின் கதை. குடல் அழற்சிக்கும், உறுப்பு மாற்று சிகிச்சைக்குப் பிறகும் கொடுக்கப்படும் மருந்து. இதன் நெருங்கிய உறவான மெர்காப்டோப்யூரின் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்குத் தரப்படுகிறது. சிலருக்கு இவற்றால் வெள்ளையணுக்கள் ஆபத்தான அளவுக்குக் குறைந்துவிடும். டிபிஎம்டி என்ற நொதி அதற்குக் காரணம் என்று கண்டுபிடித்து, அதற்கு டெஸ்டும் வந்தது. ஐரோப்பியர்களுக்கு அது நன்றாகப் பொருந்தியது.

ஆசியாவில் அந்த டெஸ்டில் "நார்மல்" என்று வந்தவர்களுக்கும் வெள்ளையணு சரிந்தது. முடி கொத்தாகக் கொட்டியது. காரணம் 2014இல் கொரியாவில்தான் தெரிந்தது. என்யூடிடி15 என்ற வேறொரு மரபணு. அதன் மாற்றங்கள் ஐரோப்பியர்களில் அரிது, கிழக்காசியாவில் சகஜம், நம்மிடமும் கணிசமாக உண்டு. அதுவரை டெஸ்ட் பொய் சொல்லவில்லை. அது யாருக்காகச் செய்யப்பட்டதோ அவர்களைப் பற்றி உண்மையைத்தான் சொன்னது. அடுத்தவருக்கு அளவெடுத்துத் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு, சரியாக இருக்கிறது என்று நாம் நம்பிக்கொண்டிருந்தோம்.

அதனால்தான் "உமிழ்நீர் அனுப்புங்கள், உங்களுக்கு எந்த மருந்து ஒத்துக்கும் என்று மொத்தமாகச் சொல்கிறோம்" என்கிற விளம்பரங்களைப் பார்த்தால் நான் கொஞ்சம் நிதானிப்பேன். ஒரு குறிப்பிட்ட மருந்துக்கு முன் டாக்டர் கேட்டு எடுக்கும் டெஸ்டுக்கு அர்த்தம் இருக்கிறது. பொதுவான ஜாதகம் போலக் கொடுக்கும் ரிப்போர்ட்டில் நம் ஊர் மக்களின் தரவு எவ்வளவு இருக்கிறது என்று கேட்க வேண்டும். மரபணு தவிர வயசு, கல்லீரல், சிறுநீரகம், கூடச் சாப்பிடும் மற்ற மருந்துகள் என்று எத்தனையோ காரணங்களும் இருக்கின்றன.

நாம் என்ன செய்யலாம்?

டெஸ்ட் எதுவும் இல்லாமலே செய்யக்கூடியவை சில உண்டு.

ஒன்று, மருந்தின் பெயரை எழுதி வையுங்கள். "ஏதோ வெள்ளை மாத்திரை, ஒத்துக்கல" என்பது அடுத்த டாக்டருக்கு உதவாது. கடைப்பெயரோடு உள்ளே இருக்கும் மருந்தின் பெயரும் அட்டையில் பொடி எழுத்தில் இருக்கும். அதையும், எத்தனையாவது நாளில் என்ன ஆனது என்பதையும் ஒரு சீட்டில் எழுதி பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். போனில் படமெடுத்து வைத்தாலும் சரி.

இரண்டு, ரத்த சொந்தங்களிடம் சொல்லுங்கள், அவர்களிடமும் கேளுங்கள். சர்க்கரை, பிரஷர் பற்றியெல்லாம் கல்யாண வீட்டில் மணிக்கணக்கில் பேசுகிறோம். "மயக்க மருந்து கொடுத்து யாருக்காவது தெளிய நேரமாச்சா?" என்று மட்டும் கேட்பதில்லை.

மூன்று, புதிதாக வலிப்பு மருந்து ஆரம்பித்த முதல் இரண்டு மாதங்களில் காய்ச்சலோடு வாய்ப்புண், கண் சிவப்பு, தோலில் வலி அல்லது கொப்புளம் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். "அம்மை போட்டிருக்கு" என்று வேப்பிலை வைத்து வீட்டில் காத்திருக்கக் கூடாது. அதேசமயம், இதைப் படித்துவிட்டு நன்றாக ஒத்துப்போகும் மாத்திரையைப் பயத்தில் நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவது தனி ஆபத்து. வருடக்கணக்கில் அதே மருந்தைச் சாப்பிட்டு நன்றாக இருப்பவருக்கு இந்தத் தோல் பிரச்சினை வர வாய்ப்பு மிகக் குறைவு.

நான்கு, பக்கவிளைவைப் புகாராகப் பதிவு செய்யலாம். இந்தியாவில் 2010 முதல் அதற்கென்று மருந்துக் கண்காணிப்புத் திட்டம் ஒன்று நடக்கிறது. டாக்டர்கள் மட்டுமல்ல, நோயாளிகளே எழுதலாம். தைவானின் அந்த 44 பேரும் யாரோ ஒருவர் குறித்து வைத்ததால்தான் ஆய்வுக்குள் வந்தார்கள். நம் ஊர் உடம்புக்கு அளவெடுக்க வேண்டுமென்றால் நம் ஊர்ப் பதிவுகள் வேண்டும்.

அடுத்த தடவை நர்ஸ் அந்தக் கேள்வியைக் கேட்கும்போது "ஒண்ணும் இல்லீங்க" என்று சொல்வதற்கு முன் ஒரு நிமிஷம் யோசியுங்கள். உங்களுக்கு இல்லாவிட்டாலும் அண்ணனுக்கோ அக்காவுக்கோ இருந்திருக்கலாம். அதையும் சேர்த்தே சொல்லுங்கள்.